தாவர நூற்புலவர் ஜானகி அம்மையார்

கரும்பைப் பாடாத புலவர் நம் தமிழ்நாட்டில் அரியர். அதியமானின் முன்னோர் வேற்றிடத்தினின்றும் கரும்பைக் கொணர்ந்து இந்நாட்டில் நட்டனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றில் போற்றி வைத்தனர். பட்டினத்தடிகளின் கதையோ வேறு வகையானது. அவர் கையில் ஏந்தித் திரிந்தது கழனியில் விளைந்த கன்னலன்று, கைக்கும் பேய்க்கரும்பு. அஃது எவ்வூரில் இனிக்கின்றதோ அவ்வூரே தமக்கு வீடுபேறு கிட்டும் இடமெனக் கொண்டு அவர் தலந்தோறும் நடந்தார் என்றும், திருவொற்றியூரில் அஃது இனித்தது என்றும் கூறுவர். அடியார்க்கு அஃது அருளால் நிகழ்ந்தது. அதனை முயற்சியால் நிகழ்த்த முனைந்தோர் சிலர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் கோயமுத்தூரில் இருந்தனர். கைக்கும் காட்டுப் புல்லையும் இனிக்கும் கரும்பையும் மணம் புணர்த்தி, புல்லின் வலிமையும் கரும்பின் சுவையும் ஒருங்கே அமைந்த மக்களைப் பெறுவதே அவர்தம் தொழில். அவருள் ஒருவராயிருந்து, பின்னர் உலகறிந்த தாவர நூற்புலவராய் விளங்கிய டாக்டர் ஜானகி அம்மையாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுகின்றேன்.

தமிழ் பயில்வோன் செடியின் உயிரணுவைப் பற்றி எழுதுவதா என்று விஞ்ஞான வகுப்பு நண்பர்கள் நகைத்தனர். நாணல், தர்ப்பை, எள், உளுந்து என்னும் சொற்கள் எம் வகுப்புக்கு உரியனவே அன்றோ? சொல் எமக்கு உரியதாக, அதன் பொருள் மட்டும் அடுத்த கட்டடத்துக்கு உரியதாவது எங்ஙனம்?

அம்மையார் 1897-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4-ஆம் நாள், அக்காலத்துச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவில், தலைச்சேரி என்னும் கடற்கரையூரிற் பிறந்தார். தந்தையார் எடவலத்துக் கக்காட்டுக் கிருஷ்ணன் என்பார்; திவான் பகதூர் பட்டம் பெற்ற துணை நீதிபதி. வழக்குத் தீர்ப்பு எழுதிய நேரம் போக எஞ்சிய நேரத்தைப் பறவைகளோடும் செடிகளோடும் கழித்தவர். வடமலபாரின் பறவைகளைப் பற்றி எழுதியவர். தோட்டத்தை ஒழுங்குபடுத்தி வளர்ப்பதும், வந்து தங்கும் புள்ளினங்களைக் குறித்து வைப்பதும் அவ்வீட்டில் அன்றாட நிகழ்ச்சிகளாயிருந்தன. தாயார் தேவி குருவாயி. தந்தையாரின் மக்கள் 19 பேருள் ஜானகி 10-ஆமவர். குடும்பம் செல்வமும் கல்வியும் உடையதாயினும், தீயர் குலத்தது. அக்குலத்தை அக்காலத்துச் சாதி வரிசை எங்கே நிறுத்தியிருந்தது என்பதை நாம் அறிவோம். அம்மையாரின் வாழ்க்கையைப் படிப்போர் இதனை நினைவில் வைத்தல் வேண்டும்; அவர் ஓரிடத்தில் நிலைத்திராமல் நாடுகள் பல கடந்தமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று அவர் வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர்.

தலைச்சேரியிலே கன்னியர் மடத்துப் பள்ளியிற் பயின்று, பின்னர்ச் சென்னைக்கு வந்து இராணி மேரிக் கல்லூரியிற் சேர்ந்தார். மாநிலக் கல்லூரியில் தாவர நூலிற் சிறப்புப் பட்டம் பெற்றது 1921-இல். உடன்பிறந்த மகளிர் மணம் புரிந்து இல்லறம் மேற்கொண்டனர். இவர் மணத்தை மறுத்துக் கல்வியை மேற்கொண்டார். இறுதிவரை அவர் மணம் புரிந்திலர்.

பட்டம் பெற்ற பின்னர் அவர் பணியாற்றிய இடம் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரி. அக்கல்லூரியில் ஆசிரியையாய் இருந்தபொழுதே அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகம் கீழைத்தேய மகளிர்க்கென வழங்கிய பார்பர் உதவித்தொகை இவருக்குக் கிட்டியது. ஆங்குச் சென்று முதுகலைப் பட்டம் பெற்றுத் திரும்பிச் சிறிது காலம் மீண்டும் அக்கல்லூரியிலேயே கற்பித்தார். மறுபடி கடல் கடந்து சென்று, 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்நாட்டில் தாவர நூலில் இப்பட்டம் பெற்ற முதல் இந்திய மாது இவரே என்பர். அவர் ஆராய்ந்தது கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த நிக்காண்ட்ரா என்னும் ஒரு சிறு செடியின் குரோமோசோம்களை. உயிரணுவின் உட்கருவில் நூலிழை போற் கிடந்து, பெற்றோரின் இயல்புகளை மக்களிடம் கொண்டு சேர்ப்பவை குரோமோசோம்கள். அவற்றை எண்ணுதலும் இணை சேர்த்துக் காணுதலுமே அம்மையாரின் வாழ்நாள் தொழிலாயிற்று. ஊசிமுனையினும் சிறிய பொருளை நாட்கணக்கில் நோக்கியிருத்தலைப் பெரும் பொறுமையுடையாரன்றிப் பிறர் செய்யலாகாது.

திருவனந்தபுரத்து மகாராஜா விஞ்ஞானக் கல்லூரியில் 1932 முதல் 1934 வரை பேராசிரியராயிருந்து, பின்னர்க் கோயமுத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். ஆங்கு அவர் செய்தது யாது என்பதை விளக்கச் சிறிது பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நம் நாட்டிலும் சாவகத் தீவிலும் பயிரிடப்பெற்ற தடித்த இன்கரும்பு, அரசர் வீட்டுப் பிள்ளை போன்றது. சாறு மிகுதி, நார் குறைவு, நோய் வந்தால் தாங்காது. கரும்பு நோய்களுட் கொடியது செவ்வழுகல். வெளியே தோகை மஞ்சளித்து வாடும். தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவந்து, இடையிடையே வெள்ளைத் திட்டுகளுடன், புளித்த கள்ளின் நாற்றம் வீசும். ஒரு வகைப் பூஞ்சணமே இதற்குக் காரணம். நோயுற்ற கரணையை விதைக்கரும்பாக நட்டால் அடுத்த பயிரும் அழியும். 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோதாவரிக் கழிமுகத்துக் கரும்பு இந்நோயால் பாழாயிற்று. அதனை ஆராய்ந்த பார்பர் என்னும் ஆங்கிலத் தாவர நூலாரே 1912-இல் கோயமுத்தூர் நிலையம் தொடங்கியபொழுது அதன் தலைவரானார். அவருக்குத் துணையாயிருந்து 1918-க்குப் பின் நிலையத்தை நடத்தியவர் தமிழராகிய வெங்கட்ராமன்.

கோயமுத்தூரை ஏன் தேர்ந்தனர்? வட இந்தியாவிற் கரும்பு நன்கு பூப்பதில்லை. பூத்தாலும் விதை பிடிப்பது அரிது. கோயமுத்தூரில் அது செழித்துப் பூக்கும். கரும்பை உழவர் கரணை நட்டு வளர்ப்பராதலின் பூவைப் பற்றிக் கவலுவதில்லை. ஆனால் கலப்பு மணம் செய்வோருக்குப் பூவும் மகரந்தமும் இன்றியமையாதன. வெள்ளை என்று பெயர் பெற்ற தென்னாட்டு இன்கரும்பைத் தாயாகவும், ஆற்றங்கரையில் தானே வளரும் நாணலைத் தந்தையாகவும் கொண்டு அவர்கள் பெற்ற கன்று, கோ 205 என்னும் பெயருடன் 1918-இல் பஞ்சாபு உழவர்க்கு வழங்கப்பட்டது. நாணல் கரும்புக்கு நெருங்கிய உறவு; ஒரே பேரினத்தின் இரு சிற்றினங்கள். அதனிடம் வெல்லம் காய்ச்சும் அளவுக்கு இனிப்பில்லை; ஆனால் வறட்சியும் வெள்ளமும் குளிரும் அதனை ஒன்றும் செய்வதில்லை; நோய்களும் அதனிடம் எளிதில் நெருங்குவதில்லை. இதே காலத்தில் சாவகத்து ஒல்லாந்தரும், செரே என்னும் நோயால் தோட்டங்களை இழந்த பின்னர், நாணற் குருதி கலந்த கரும்புகளை நாடிச் சென்றனர். அங்ஙனம் 1921-இல் அவர்கள் பெற்றதே உலகப் புகழ் வாய்ந்த போஜ் 2878 என்னும் கரும்பு.

ஆயினும் இவ்வெற்றி எங்ஙனம் கிடைத்தது என்பது கலப்புச் செய்தோர்க்கே விளங்காத புதிராயிருந்தது. இப்புதிரை விடுவிக்கவே குரோமோசோம் கணக்கு அறிந்த ஒருவர் வேண்டியிருந்தார். அவ்விடத்துக்கு அம்மையார் வந்தார்.

இன்கரும்பின் உயிரணுவில் 80 குரோமோசோம்கள் உள. நாணலிலோ ஒரே எண் இல்லை. இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை வேறுபடும். பொதுவாகத் தாய் தன் குரோமோசோம்களிற் பாதியையும், தந்தை தன்னுடையவற்றிற் பாதியையும் மகவுக்கு அளிப்பது இயற்கை. ஆனால் இன்கரும்புத் தாய் நாணலை மணந்தபொழுது, பாதியன்றி 80-ஐயும் மகவுக்கு ஈந்துவிடுகின்றாள். கோயமுத்தூர் நாணலில் 64. அதிற் பாதி 32. இரண்டும் கூடிக் கோ 205-இல் 112. தாயின் செல்வம் முழுவதும், தந்தையின் வீரத்திற் பாதியுமாகப் பிறந்த பிள்ளை அது. இக்கணக்கைச் சாவகத்தில் முதலிற் கண்டவர் பிரெமர் என்னும் ஒல்லாந்தர். அம்மையார் இந்திய நாணல்களைப் பலவிடங்களிலிருந்தும் வருவித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் கண்டு வரிசைப்படுத்தினார். எண் குறைந்த வகைகள் இந்தியாவிற் காணப்படுதலின், நாணல் தோன்றிப் பரவிய இடம் இந்நாடே என்னும் முடிபுக்கு வந்தார். அதியமான் முன்னோர் கரும்பை வெளியிலிருந்து கொணர்ந்தனர் என்பது பாட்டின் செய்தி. அக்கரும்பைக் காக்க வந்த நாணல் நம் மண்ணுக்கே உரியது என்பது அம்மையாரின் செய்தி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்குங்கால் எனக்கு வியப்பு மிகுகின்றது.

அவர் அத்துடன் அமைந்தாரல்லர். கரும்பை அதனினும் தொலைவான உறவுகளோடும் கலக்கத் துணிந்தார். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் பிறந்த கன்றைப் பற்றி 1938-இல் இங்கிலாந்தின் நேச்சர் இதழில் எழுதினார். கரும்பும் தர்ப்பையும் கலந்த கன்றையும் பெற்றார். இவற்றால் உழவர்க்கு உடனே பயன் விளைந்தது என்று சொல்லல் பொய்யாகும். இவை வயலுக்குச் செல்லவில்லை. ஆனால் புல்லினங்களுக்கிடையே உறவு எத்துணைத் தொலைவு செல்லும் என்பதை இவை காட்டின. இந்திய விஞ்ஞானக் கழகம் 1935-இல் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

பணியிடத்திலோ அவர் நிலை எளிதாயிருக்கவில்லை. ஆடவரே நிறைந்த நிலையத்தில் தனியொரு பெண், மணமாகாதவர், குலத்தாலும் வேறாக நோக்கப்பட்டவர். தம் ஆராய்ச்சிக்கு உரிய மதிப்புக் கிடைக்கவில்லை என்னும் மனக்குறை அவருக்கு இருந்தது. 1939-இல் எடின்பரோ நகரில் நடந்த ஏழாம் உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். அவ்வேளை உலகப் போர் மூண்டது. அவர் திரும்பவில்லை.

இலண்டனையடுத்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1940 முதல் 1945 வரை உயிரணு நூலாராய்ப் பணிபுரிந்தார். ஜெர்மானியர் குண்டு வீசிய இரவுகளிற் கட்டிலின் கீழ்ப் புகுந்து கிடந்து, காலையில் எழுந்து, தட்டுகளின்மேற் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு மீண்டும் உருப்பெருக்கியின்முன் அமர்வாராம். சேலை மடிப்பில் மறைத்து நம் நாட்டு அணிற்பிள்ளை ஒன்றை அவர் அங்குக் கொண்டு சென்றிருந்தார் என்றும், அதற்குக் கபோக் என்று பெயரிட்டு வளர்த்தார் என்றும் அவரை அறிந்தோர் சொல்லியுள்ளனர். கபோக் என்பது இலவம்பஞ்சுக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். வாலைப் பார்த்து இட்ட பெயர் போலும்.

அந்நிலையத்துத் தலைவர் டார்லிங்டனோடு சேர்ந்து அவர் எழுதிய பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்டவணை 1945-இல் வெளிவந்தது. மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்களையும், அவற்றின் பிறப்பிடங்களையும் தொகுத்துரைக்கும் நூல் அது. நம் சங்க நூல்களுக்குச் சொல்லடைவு எத்தகையதோ, கலப்பு வேலை செய்வோர்க்கு அந்நூல் அத்தகையது. எச்செடியை எச்செடியோடு கலப்பது என்று எண்ணுவோன் முதலில் நோக்க வேண்டியது எண்களையே. பின்னர் 1945 முதல் 1951 வரை விஸ்லி என்னுமிடத்தில் அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்திற் பணியாற்றினார். அங்கே மக்னோலியா நாற்றுகளின் முளையிற் கால்சிசின் என்னும் நஞ்சுநீரைத் தடவி, அவற்றின் குரோமோசோம்களை இருமடங்காக்கினார். அவ்வாறு வந்த மரங்களுள் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

குரோமோசோம்களை இருமடங்காக்குதல் வெறும் மலர் அழகுக்கு உதவும் வித்தையன்று. ஈண்டு எங்கள் புதுக்கோட்டைச் சீமையை எண்ணாதிருத்தல் எனக்கு இயலவில்லை. கந்தர்வகோட்டை, கறம்பக்குடி, ஆலங்குடிப் பக்கங்களில் செம்மண் நிலத்தில் விளைவது கடலை. எண்ணெய்ச் செக்குக்கும் வீட்டுச் செலவுக்கும் அதுவே முதல். பயிர் பூத்துக் காய் இறங்கும் காலத்தில் இலைமேற் கருநிறப் புள்ளிகள் தோன்றும். பின்னர் இலையின் அடியிற் செந்துரு படியும். இலை உதிர்ந்து கொடி மொட்டையாகும். காய் முற்றாமற் சூம்பும். இலைப்புள்ளி, துரு என்னும் இவ்விரு நோய்களுக்கும் மருந்து தெளிக்கலாம். ஆனால் மானாவாரி உழவன் மருந்துக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். நோய் அணுகாத கடலை ஒன்று வேண்டும். அத்தகைய எதிர்ப்பு, பயிரிடும் கடலை வகைகளில் மிகச் சிறிதே உளது. தென்னமெரிக்காவில் தானே வளரும் காட்டுக் கடலைகளில் மிகுதியாக உளது.

இரண்டையும் கலக்கலாமே என்றால், இடையே எண் குறுக்கிடுகின்றது. பயிர்க்கடலைக்குக் குரோமோசோம் 40. காட்டுக் கடலைகளிற் பெரும்பாலானவற்றுக்கு 20. கலந்தால் மகவுக்கு 30. அவற்றுள் இணை சேராதன பல. ஆதலின் அம்மகவு கோவேறு கழுதையைப் போல மலடாகும். கால்சிசின் தடவி 30-ஐ 60 ஆக்கினால் ஒவ்வொன்றுக்கும் துணை கிடைக்கும், செடி காய்க்கும். பின்னர்ப் பயிர்க்கடலையோடு மீண்டும் மீண்டும் கலக்க, வேண்டாதவை கழிந்து 40-க்கு இறங்கும். காட்டுத் தந்தை தந்த நோயெதிர்ப்புத் துணுக்கு மட்டும் எஞ்சி நிற்கும். பொலிவியா நாட்டிற் கிடைத்த கார்டினாசி என்னும் காட்டுக் கடலையை அமெரிக்காவின் வட கரோலினாவில் இவ்வாறு பயிர்க்கடலையோடு கலந்தனர். அவ்வழி வந்த ஒரு வகை ஐதராபாத்தை அடுத்த பட்டான்செரு ஆராய்ச்சி நிலையத்தை அடைந்து, தார்வாரில் மற்றொரு கடலையோடு கூடி, ஜிபிபிடி 4 என்னும் பெயருடன் வயலுக்கு வந்தது. இலைப்புள்ளியையும் துருவையும் அது தாங்கி நிற்கும். எள்ளிலும் இம்முயற்சி உண்டு. நம் எள்ளுக்கு 26; சோழமண்டலக் கடற்கரை மணலிற் படர்ந்து வளரும் காட்டெள்ளுக்கு 32. இவ்விரண்டின் கலப்பு மலடாயிருந்து, குரோமோசோம்களை இருமடங்காக்கிய பின்னர்க் காய்த்ததை 1940-களிலேயே நம் நாட்டார் கண்டனர்.

அம்மையார் கடலையைக் கலந்தவரல்லர்; எள்ளையும் கலந்தவரல்லர். ஆனால் எண்ணறிந்து கலத்தல் என்னும் நெறியை நிலைநாட்டியவருள் அவர் முன்னணியிலிருந்தவர். எங்கள் ஆலங்குடி வட்டத்து வம்பனில் உள்ள பயறு ஆராய்ச்சி நிலையத்தில் 2011-இல் வெளியான வம்பன் 6 என்னும் உளுந்து, வம்பன் 1-ஐக் காட்டுளுந்தோடு கலந்து பெற்றது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோயை எதிர்க்கும் ஆற்றல் அதற்கு உண்டு. உளுந்து வயல் முழுதும் மஞ்சளித்து நிற்பதைக் கண்டவர்க்கு இதன் அருமை சொல்ல வேண்டுவதில்லை.

நாடு விடுதலை பெற்ற பின்னர், பிரதமர் ஜவஹர்லால் நேரு அம்மையாரைத் தாய்நாட்டுக்கு அழைத்தார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீர்திருத்தி அமைக்கும் பொறுப்பு 1952-இல் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அலகாபாத்தில் மத்தியத் தாவர ஆய்வுக்கூடத்தின் தலைவராயினார். நம் நாட்டுச் செடியைப் பற்றி நாம் அறிய விரும்பினால் இலண்டனையடுத்த கியூவுக்குச் செல்ல வேண்டிய நிலை அவர் மனத்தை உறுத்தியது. இந்நாட்டுச் செடிகளை இந்நாட்டாரே, ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி வாழும் இடத்திலேயே வைத்து அறிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. எல்லாம் அவர் எண்ணியவாறு நடந்தேறவில்லை. 1954-இல் துறையின் தலைமைப் பதவிக்கு வேறொருவர் வந்தார். அதனால் அவர் உள்ளம் வருந்தியது.

அக்காலத்தில் உணவுப் பெருக்கம் வேண்டிக் காடுகளை அழித்து நிலமாக்கும் வேலை நாடெங்கும் விரைந்து நடந்தது. ஷில்லாங்கிலிருந்து 37 மைல் சென்று, அப்பகுதியில் எஞ்சிய ஒரே மக்னோலியா கிரிபித்தி மரத்தைத் தேடினார் அம்மையார். அது தீயில் எரிந்து போயிருந்தது. ஒரு மரந்தானே என்று நாம் எண்ணலாம். அவர் கண்ணுக்கு அஃது ஒரு சுவடியின் கடைசிப் படி எரிந்தது போன்றது. ஏடுகள் செல்லரித்தும் ஆற்றில் விடப்பட்டும் அழிந்த வரலாற்றை உ. வே. சாமிநாதையரின் நூல்களிற் படித்து மனம் நொந்த தமிழ் மாணவர்க்கு இது நன்கு விளங்கும். ஏடு போனால் பாட்டுப் போயிற்று. காட்டுச் செடி போனால், நாளை வரவிருக்கும் நோய்க்கு அதனுள் இருந்த மாற்றும் அதனோடு போயிற்று.

நோய் ஒருமுறை தோற்றால் என்றும் தோற்றதாகாது. கோயமுத்தூர் நிலையத்தின் கர்நால் கிளையிற் பிறந்து 2009-இல் வெளியான கோ 0238 என்னும் கரும்பு, உத்தரப் பிரதேசத்துக் கழனிகளை நிரப்பி உழவரைச் செல்வராக்கியது. பத்தாண்டு சென்றதும் செவ்வழுகற் பூஞ்சணம் புதிய வடிவெடுத்து அதனையும் பிடித்தது. மீண்டும் நாணலிடமே செல்ல வேண்டும்; நாணல் அங்கே இருக்க வேண்டும்.

1955-இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் நகரில், மனிதன் உலகின் முகத்தை எங்ஙனம் மாற்றிவிட்டான் என்பதை ஆராயும் ஒரு பேரவை கூடிற்று. அழைக்கப்பட்ட அறிஞருள் பெண் இவர் ஒருவரே. இந்தியாவிற் சிறு குடிகள் தம் உணவுக்கென்றே செய்யும் வேளாண்மையைப் பற்றி அவர் ஆங்கு உரைத்தார். பழங்குடி மக்கள் அறிந்து போற்றும் செடிகளையும், அவர்தம் பயிர் முறைகளையும் பின்தங்கியவை என்று தள்ளாமல் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1956-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. இந்திய அரசினர் பத்மஸ்ரீ விருதளித்தது 1977-இல்; அவரது 80-ஆம் வயதில். அவ்விருது நெடுங்காலம் முன்னரே வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அலகாபாத்துக்குப் பின்னர் ஜம்முவிலும், பம்பாயை அடுத்த டிராம்பேயிலும் பணியாற்றினார். 1970-இல் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு நிலையத்தின் மதுரவாயல் வெளிக்களத்திலேயே குடியேறினார். மருந்துச் செடிகளைத் தொகுத்து வளர்ப்பது அங்கு அவர் தொழிலாயிற்று. நெடிய உருவம், பிடரியில் தளர முடிந்த கூந்தல், மஞ்சட் பட்டுச் சேலை, அதே நிறத்தில் நீண்ட சட்டை. அறியாதோர் அவரைப் புத்த சமயத் துறவி என்று எண்ணியதுண்டு. சுற்றிலும் பூனைகள். அவற்றின் குட்டிகளின் நிறத்திலும் கோட்டிலும் உள்ள சிறு வேறுபாடுகளையும் அவர் விடாது ஆராய்ந்தார் என்பர். பழக்கம் விடுமோ?

அவ்வயதிலும் அவர் ஒரு வழக்கில் இறங்கினார். பாலக்காட்டு மலைகளிற் குந்திப்புழை ஆற்றின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கக் கேரள அரசினர் முயன்றனர். அமைதிப் பள்ளத்தாக்கு என்னும் பழங்காடு அதனால் நீரில் மூழ்கும். எதிர்த்தோர் பலர், கட்டுரை எழுதினர், கூட்டம் கூட்டினர், நீதிமன்றம் ஏறினர். எண்பது வயதைக் கடந்த அம்மையாரும் அவருடன் குரல் கொடுத்தார். அத்துடன் தமக்குத் தெரிந்த வழியிலும் புகுந்தார்: அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணத் தொடங்கினார். அணை வருவது உறுதியானால், மூழ்குமுன் அவற்றின் கணக்கேனும் எஞ்சட்டும் என்பது ஒன்று. அங்கே என்ன உளது என்று தெரிந்தால் அணை கட்டத் துணியார் என்பது மற்றொன்று. இவ்விரண்டில் எதனை அவர் பெரிதும் நம்பினார் என்று என்னால் துணிந்து கூறல் இயலாது.

அணைத் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 7-ஆம் நாள், மதுரவாயலில் தம் ஆய்வுக்களத்திற் பணி செய்துகொண்டிருந்த நிலையிலேயே அம்மையார் காலமானார். அவ்வாண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் அமைதிப் பள்ளத்தாக்குத் தேசிய வனமாக அறிவிக்கப்பட்டது.

தென்மலைகளிற் காணி மக்கள் மருந்தாகப் பயன்படுத்தும் ஒரு செடிக்கு 1978-இல் தாவர நூலார் ஜானகியா என்று பேரினப் பெயரிட்டனர். பின்வந்தோர் ஆராய்ந்து, அது முன்னரே பெயர் பெற்ற வேறோரினத்தைச் சேர்ந்ததென்று கூறி அப்பெயரை மாற்றினர். உறவறிந்து பெயரிடல் வேண்டும் என்ற அம்மையார் இதற்கு வருந்தியிருக்க மாட்டார். 2018-இல், கொடைக்கானலில் நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களை வீட்டு ரோஜாக்களோடு கலந்து புது மலர்களை ஆக்கும் வீரராகவன், கிரிஜா தம்பதியர் ஒரு ரோஜாவுக்கு அவர் பெயரைச் சூட்டினர். அம்மலரின் நிறம் அவர் உடுத்த சேலையின் மஞ்சட் சாயல்.